கபீர் மாமாவை வெளியே கூப்பிட ஆளில்லை

என் அன்பு வாப்பாவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல், குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் மட்டும் இதைப் படிக்கப் போவதில்லை. பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு மலருக்காக ஜமால் சாச்சா கேட்ட கடிதம் இது. சங்கத்தின் செயலாளர் அல்லவா, எதையும் அளந்துதான் கேட்பார். "வாப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதும்மா. ஒரு பக்கம் போதும், ஃபோட்டோ வேற போடணும்" என்றார்.

நாலு நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. வாப்பா, நம் கல்லூரி அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது.

மலரைப் படிக்கும் புதியவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையோரம் இருக்கும் நம் ஊர்க் கல்லூரியில் படித்துவிட்டு துபாய்க்கு வேலைக்கு வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் கால்பந்து அணி இது. பக்கத்துக்கு ஏழு பேர். அல் கூஸ் பக்கம் ஒரு வாடகை மைதானத்தில், மற்றக் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகளோடு, குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் ஆடுவார்கள். நான் அந்தக் கல்லூரியில் ஒரு நாளும் படித்ததில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே பத்தாம் வகுப்பு படிக்கிறேன். ஆனாலும் 'நம் கல்லூரி' என்றுதான் வாயில் வருகிறது. அப்படிச் சொல்லப் பழக்கியது நீங்கள்தானே?

போன வாரம் நாலுக்கு ஒன்று. அதற்கு முந்தைய வாரம் ஐந்துக்கு ஒன்றுமில்லை. எதிரணி நன்றாக ஆடி நாம் தோற்றால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது. நாமே தேடிப் போய்த் தோற்கிறோம். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை. கோட்டோரமாக நடந்து நடந்து, செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள்கள் என் செருப்பு முழுக்க. வீட்டில் உதறினால் உம்மா திட்டுகிறார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. கபீர் மாமா ஆடுகிறவர்களின் பெயர் வாசிப்பது கல்லூரியை முடித்த வருஷ வரிசையில். யார் முதலில் கல்லூரியை விட்டு வந்தார்களோ அவர்கள் முதலில் களமிறங்குவார்கள். மூத்தவர்கள் தொந்தியும் முட்டி வலியுமாக முதல் பாதி ஆடி, மூன்று கோல் வாங்கிய பிறகு, "தம்பிமாரே, கொஞ்சம் வாங்க" என்று இளையவர்களுக்கு அழைப்பு வரும். எல்லோருக்கும் மூத்தவர் கபீர் மாமாதான். அவரே பயிற்சியாளர், அவரே பின்வரிசையில் நடு ஆள். அவரை யார் வெளியே எடுப்பது?

சத்வாவில் தையல்காரர்களுக்குப் பட்டனும் லேசும் விற்கும் கடை வைத்திருக்கிறாரே, அங்கே போய்ப் பாருங்கள். ஆயிரம் பட்டனில் நிறம் மாறிய ஒன்றைக் கண்ணால் பார்த்தே தூக்கிப் போட்டுவிடுவார். மைதானத்தில் மட்டும் ஏன் எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை?

அவர் காரில்தான் நான் மைதானத்துக்குப் போய் வருகிறேன். அணியின் மேல் உள்ள கோபத்தையெல்லாம் வைத்துக்கொண்டு, அணியின் பயிற்சியாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுக்கு வர வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், இளையவர்களில் ஒருவரான, எனக்கு அண்ணன் முறையான ரியாஸ் காக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"மாமா, ரியாஸ் காக்காவ ஏன் மொதல்லயே எறக்கல?"

"அவன் சின்னப் பையன் புள்ள."

"அவங்களுக்கு இருபத்தாறு வயசு மாமா."

"நாங்க பரீட்ச எழுதி முடிச்சப்ப அவன் பால் குடிச்சிக்கிட்டிருந்தான்."

"இப்பக் குடிக்கல. இப்ப ஓடுறாங்க. நீங்க ஓடல."

அவர் சிரித்தார். பள்ளி நூலகத்திலிருந்து கால்பந்துப் பயிற்சி பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், வாப்பா. முக்கியமான பக்கங்களில் காகிதத் துண்டு வேறு வைத்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால், காரின் முன்கண்ணாடியில் வைக்கும் வெயில் அட்டை சரியாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருந்தார். "நல்ல கனமான பொஸ்தகம்மா" என்றார். நூலக மிஸ்ஸிடம் அட்டை ஏன் வெளுத்திருக்கிறது என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

கோல் காக்கும் செந்தில் அண்ணனைத்தான் பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஜபல் அலியில் சைட் டியூட்டி முடித்து, தூசியோடு அப்படியே வருகிறார். போன வாரம் நான் கோலுக்குப் பின்னால் நின்றபோது திரும்பிப் பார்த்து, "பாப்பா, முன்னாடி ரெண்டு பெருசு நிக்கிது பாரு. பந்து அதுகளத் தாண்டிப் போனப்புறம், 'இப்ப என்னமோ போச்சே'ன்னு திரும்பிப் பாக்குதுங்க" என்றார். சிரித்து முடிப்பதற்குள் நாலாவது கோல் விழுந்துவிட்டது.

நீங்கள் இருந்தபோதும் இதே ஆட்கள்தான். இதே தொந்திகள்தான். பயிற்சியாளரும் கபீர் மாமாதான். ஆனால் கோட்டுக்கு வெளியே நீங்கள் நின்றீர்கள். நீங்கள் ஒரு நாளும் பந்தை உதைத்து நான் பார்த்ததில்லை. தண்ணீர்ப் பெட்டியும் கையில் போனுமாக அங்கே நிற்பீர்கள். மூத்தவர் ஒருவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதும் போனைத் தூக்கிப் பிடித்து, "காக்கா, ஊர்லேருந்து போன்!" என்று கத்துவீர்கள். அவர் பதறியடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே வருவார். நமது ஆட்டத்தில் ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், அவர் வந்து சேர்வதற்குள் ஒரு இளையவர் உள்ளே ஓடியிருப்பார். போனில் யாரும் இருக்க மாட்டார்கள். "கட்டாயிட்டு காக்கா, தண்ணி குடிங்க" என்பீர்கள்.

முதல் தடவைதான் அவர்கள் ஏமாந்தது. பிறகு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஓடி வருவார்கள். "என் மாமியாதானே? ரெண்டு நிமிஷம் கழிச்சிப் பேசச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். களைத்துவிட்டேன் என்று எந்த மூத்தவரும் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே போங்கள் என்று எந்த இளையவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கபீர் மாமா மட்டும் ஒவ்வொரு வாரமும் அடம் பிடிப்பார். "எனக்கு ஊர்ல யாருமே இல்லடா, எவன் போன் பண்ணுவான்?" என்பார். நீங்கள் விடமாட்டீர்கள்.

இனிமேல் எழுதப் போவதை எழுத வேண்டாம் என்று உம்மா சொன்னார்கள். ஆனால் உண்மையை எழுதுகிறேன் என்று தொடங்கிவிட்டேனே.

போன வருஷம் நீங்கள் மட்டும் லீவில் ஊருக்குப் போயிருந்தீர்கள். அந்த வெள்ளிக்கிழமை கபீர் மாமா வழக்கம்போல் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார். கோட்டோரத்தில் கிடந்த அவருடைய போன் அடித்தது. ரியாஸ் காக்கா எடுத்து, உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "கபீர் காக்கா, ஊர்லேருந்து போன்!" என்று கத்தினார். மைதானம் முழுக்கச் சிரித்தது. கபீர் மாமாவும் சிரித்தார். "பாருங்கடா, அங்க ஒக்காந்துக்கிட்டே என்னய வெளியேத்துறான்! வரமாட்டேன்னு சொல்லுடா அவன்கிட்ட!" என்றார். நானும் சிரித்தேன், வாப்பா. போன் நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது ரியாஸ் காக்கா எடுத்துக் காதில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் முதலில் சிரிப்பை நிறுத்தியது நான்தான்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உங்களை அடக்கம் செய்துவிட்டார்கள். நெஞ்சு வலி என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்?

அன்றிலிருந்து அந்த வார்த்தைகளை மைதானத்தில் யாரும் சொல்வதில்லை. சரி, சொல்ல வேண்டாம். ஆனால் மூத்தவர்களை வெளியே கூப்பிட வேறொரு வழியும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் அவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். தாமாக வெளியே வருவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. வாருங்கள் என்று கூப்பிடுவது இளையவர்களுக்கு மரியாதைக் குறைவு. எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் மரியாதையானவர்கள். வாராவாரம் தோற்கிறோம்.

நாளை கடைசி ஆட்டம். மலையாளிகளின் கல்லூரி அணி ஒன்றோடு. ஜெயித்தால்தான் முதல் பிரிவில் நிலைப்போம், சமன் ஆனாலும் போதாது. ஜெயிக்காவிட்டால் அணியையே கலைத்துவிடலாம் என்று ஜமால் சாச்சா சொல்கிறார். "எல்லாருக்கும் வயசாயிட்டு. பேட்மிண்டன் நடத்துவோம், குடும்பத்தோட வரலாம்." பலர் தலையாட்டினார்கள்.

பேட்மிண்டன் மேல் எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. ஆனால் வாப்பா, இந்த ஊரில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? உங்கள் மண் அங்கே. நாம் இருந்த வீட்டை விட்டுவிட்டோம். உம்மா வேலை பார்க்கும் கிளினிக்குக்குப் பக்கத்தில் இப்போது ஒரே அறையில் இருக்கிறோம். உங்கள் காரைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. உங்கள் சட்டைகளை உம்மா பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மீதி இருப்பது அந்த வெள்ளைக் கோட்டோரம் மட்டும்தான். அங்கே நின்றால் நீங்கள் பார்த்ததை நானும் பார்க்கிறேன். அணி கலைந்தால் வெள்ளிக்கிழமை நான் எங்கே போவேன்?

வியாழக்கிழமை எழுதியது இவ்வளவுதான். இதற்குமேல் எழுதுவது வெள்ளிக்கிழமை, மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்து. கபீர் மாமா வந்து காரை எடுக்க நேரமாகும் போலிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் ஆட்டம் தொடங்கியது. ஒரே புழுக்கம். காற்றே இல்லை. அவர்கள் பக்கம் மேளம் கொண்டு வந்திருந்தார்கள். நம் பக்கம் நான், ஜமால் சாச்சா, மாற்று ஆட்களாக உட்கார்ந்திருந்த ரியாஸ் காக்காவும் இன்னும் சில இளையவர்களும். வழக்கம்போல வருஷ வரிசையில் ஆள் இறங்கியது. இடைவேளையில் இரண்டுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கோலும் கபீர் மாமாவின் வலது பக்கமாகவே போயின. அந்த முட்டியைத் திருப்ப அவருக்கு ஒரு யுகம் ஆகிறது.

எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நேராக அவர் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மாமா, நீங்க வெளிய வாங்க."

"என்னம்மா?"

"ரெண்டு கோலும் உங்க பக்கமாத்தான் போச்சு. ரியாஸ் காக்காவ எறக்குங்க. நீங்க வெளிய நில்லுங்க."

செந்தில் அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. ரியாஸ் காக்கா கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார். ஜமால் சாச்சா, "நஸ்ரின், பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது?" என்றார்.

கபீர் மாமா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வெளியன்னா எங்க புள்ள?" என்று கேட்டார்.

"இங்கதான் மாமா. கோட்டுக்கு இந்தப் பக்கம்."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: "என்னால அங்க நிக்க முடியலம்மா. உள்ள ஓடிக்கிட்டே இருந்தா இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல பாரு. அவன் கூப்பிட்டான்னுதானே நெனச்சேன் அன்னைக்கு. வரமாட்டேன்னு சொல்லிட்டேன்."

மேளம் மட்டும் கேட்டது. அவரைத் திட்டுவதற்காக இத்தனை வாரமாக எவ்வளவு வார்த்தைகள் சேர்த்து வைத்திருந்தேன், வாப்பா! அவற்றில் ஒன்று கூட உதவவில்லை.

"நான் ஒவ்வொரு வாரமும் இங்கதான் மாமா நிக்கிறேன்" என்றேன். "நிக்க முடியுது."

அவர் குனிந்து காலுறைக்குள்ளிருந்த தடுப்பு அட்டைகளை உருவினார். அதற்கே நேரமாயிற்று. ரியாஸ் காக்காவின் தோளில் தட்டி, "போடா" என்றார். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் இருந்தது. இருவருமே நெருங்கி வரவில்லை.

அவர் வெளியே வந்ததுதான் தாமதம், இன்னொரு மூத்தவர், "எனக்கும் காலு புடிச்சிக்கிச்சுப்பா" என்று தானாகவே உட்கார்ந்தார். அடுத்தவர், "மணி என்ன? நானும் கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன்" என்றார். இரண்டாம் பாதியில் நம் அணி ஓடியது! நிஜமாகவே ஓடியது. ரியாஸ் காக்கா ஒன்று போட்டார். பிறகு அவரே கொடுத்த பந்தில் இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு. நான் கத்திய கத்தலில் அவர்களின் மேளக்காரர் ஒரு தாளம் விட்டுவிட்டார்.

கபீர் மாமா நல்ல பயிற்சியாளராக மாறிவிட்டார் என்று இங்கே எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நமக்கு மூலை உதை கிடைத்தது. ஒரு நிதானமுள்ள மனிதர் என்ன செய்வார்? கபீர் மாமா இரண்டு கையையும் தூக்கி, "எல்லாரும் மேல ஏறுங்க! செந்தில், நீயும் போடா!" என்று கத்தினார். "மாமா, வேண்டாம், நேரம் இருக்கு" என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. செந்தில் அண்ணன் கோலை விட்டுவிட்டு ஓடினார். பந்து அவர்கள் ஆளின் தலையில் பட்டு வெளியே வந்தது. அங்கிருந்து ஒரே ஓர் உதை. நம் பாதியில் ஒருவர் கூட இல்லை. பந்து உருண்டு, உருண்டு, அவசரமே இல்லாமல் நம் கோலுக்குள் போனது.

தோற்றுவிட்டோம், வாப்பா. மூன்றுக்கு இரண்டு.

நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான், எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். இந்த ஒரு வருஷமாக அப்படித்தான். எவ்வளவு கோல் வாங்கினாலும், "பரவால்ல, பாத்து ஓட்டு" என்று சொல்லிவிட்டு அவரவர் காருக்குப் போய்விடுவார்கள், ஏதோ சாவு விழுந்த மையித்து வீட்டிலிருந்து கிளம்புவது போல. இன்றைக்கு யாரும் போகவில்லை.

"காக்கா, அஞ்சு நிமிஷம் இருக்கும்போது கோலியவா மேல அனுப்புவாங்க?" இது ரியாஸ் காக்கா. கபீர் மாமாவைப் பார்த்து! மூத்தவரைப் பார்த்து!

"நீ ஏன்டா பின்னால நிக்கல?"

"நீங்கதானே எல்லாரும் மேல ஏறுங்கன்னீங்க!"

"எல்லாரும்னா எல்லாருமாடா? ஒருத்தன் நிக்க மாட்டானா?"

"அண்ணே, நான் ஓடும்போதே நெனச்சேன், இது வெளங்காதுன்னு" என்றார் செந்தில் அண்ணன்.

"நெனச்சவன் ஏன்டா ஓடுன?"

ஜமால் சாச்சா நடுவில் புகுந்தார். "கலாஸ்! முடிஞ்சிட்டு, விடுங்க. அடுத்த சீசன் பேட்மிண்டன்ல பாத்துக்கலாம்."

"பேட்மிண்டனா?" என்று மூன்று நான்கு குரல்கள் ஒன்றாக அவர் மேல் திரும்பின. கால் பிடித்துக்கொண்ட மூத்தவரின் குரலும் அதில் இருந்தது. "இந்தத் தோல்வியோடயா முடிக்கச் சொல்றிய?"

"பின்ன ரெண்டாம் பிரிவுல ஆடுவியளா? இந்த வயசுல?"

"வயசு பாத்து எறக்கினா நாங்க ஆடமாட்டோம்" என்றார் ரியாஸ் காக்கா. சொன்ன பிறகு அவருக்கே பயம் வந்தது போல கபீர் மாமாவைப் பார்த்தார். கபீர் மாமா தாடியைத் தடவிக்கொண்டு, "அந்தப் புள்ள வெளிய வரச் சொன்னா வந்துருவோம்டா. வேற என்ன செய்ய?" என்றார்.

ஜமால் சாச்சா தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, ரெண்டாம் பிரிவுக்குப் பேர் குடுக்கிறேன். அடுத்த வெள்ளி பயிற்சிக்கு வந்து சண்ட போடுங்க. இப்பக் கெளம்புங்க, யல்லா." யாரும் கிளம்பவில்லை. அந்த மூலை உதையை யார் எடுத்திருக்க வேண்டும் என்பதில் இப்போது இரண்டு கட்சி பிரிந்திருக்கிறது.

ஆகவே அணி இருக்கிறது, வாப்பா. நல்ல அணி இல்லை. ஆனால் இருக்கிறது. ஜமால் சாச்சா இந்தக் கடிதத்தை வெட்டாமல் மலரில் போடுவாரா தெரியாது. போடாவிட்டால் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டுவிடுவேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் வருவேன். மூச்சு வாங்குகிறவர் யாராக இருந்தாலும், கபீர் மாமாவாகவே இருந்தாலும், பெயர் சொல்லி வெளியே கூப்பிடுவேன். உங்களைப் போல மனம் நோகாமல் கூப்பிட எனக்குத் தெரியாது. நேராகத்தான் கூப்பிடத் தெரியும். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் அதைத் தவறு என்று நினைப்பீர்களா? சிரிப்பீர்களா?

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் நேரம் முடிந்துவிட்டதென்று மைதானத்துக் காவலாளி மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது விளக்குகளை அணைத்துவிட்டார். எழுதுவது எனக்கே தெரியவில்லை. இருட்டில் கபீர் மாமாவின் குரல்தான் பெரிதாகக் கேட்கிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும்
உங்கள் மகள்,
நஸ்ரின்